சட்டக் கமிட்டியில் இடம் கேளுங்கள்: டெக்சஸ் குடியரசுக் கட்சி மகளிர் கிளப்களின் தமிழ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழிகளுக்கு,

வணக்கம். ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், ஷுகர் லேண்ட், கேட்டி, ரவுண்ட் ராக் பக்கங்களில் குடியரசுக் கட்சி மகளிர் கிளப்களில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கும், சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். கிளப்களில் சட்டக் கமிட்டி வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். தீபாவளி விருந்து, வரவேற்பு மேஜை, குத்துவிளக்கு என்ற அளவில் உங்கள் பங்கை நிறுத்திக்கொள்ளாதீர்கள். டெக்சஸ் சட்டமன்றத்தின் 90ஆவது அமர்வு 2027 ஜனவரி 12 அன்று நண்பகலில் தொடங்குகிறது. அதற்கு முன்பே உங்கள் கிளப்பின் லெஜிஸ்லேட்டிவ் கமிட்டியில், அதாவது மசோதாக்களைக் கவனிக்கும் சட்டக் கமிட்டியில், ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கிளப்கள் நேற்று முளைத்தவை அல்ல. ஊருக்கு ஊர் தனித்தனியாக இயங்கிய மகளிர் கிளப்களை, கட்சியின் தேசியக் குழுவில் இருந்த மரியன் மார்ட்டின் 1938இல் சிகாகோவில் கூட்டி ஒரே தேசியக் கூட்டமைப்பாக்கினார். டெக்சஸ் மாநிலக் கூட்டமைப்பு 1955இல் உருவானது. பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் கொடுப்பது, ராணுவக் குடும்பங்களுக்குப் பொட்டலம் அனுப்புவது, வேட்பாளர்களுக்காக வீடு வீடாகப் போவது எல்லாம் நன்றாகவே நடக்கின்றன. அவற்றுக்கு ஆள் இருக்கிறது. ஒரு மசோதாவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கத்தான் பல கிளப்களில் ஆளில்லை. நம் பெண்களில் கணக்காளர்கள், மருத்துவர்கள், மென்பொருள் சோதனையாளர்கள் நிறையப் பேர். நுணுக்கமாகப் படிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அந்தத் திறமையை விருந்துக்குச் சோறு கட்டுவதற்கு மட்டும் செலவழிப்பது வீண்.

முதலில் காலக்கணக்கு. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான அமர்வு ஒற்றைப்படை ஆண்டில் 140 நாள் மட்டுமே. 2023, 2025 இரண்டு அமர்வுகளிலும் 8,000க்கு மேல் மசோதாக்கள் தாக்கலாகின. சட்டமானவை ஆயிரத்துச் சில்லறை. அதாவது இங்கே ஒரு மசோதாவின் இயல்பான கதி சாவுதான். எந்தக் கட்டத்தில், யார் கையில் அது சாகிறது என்று தெரிந்தால்தான் காப்பாற்றவும் முடியும், தடுக்கவும் முடியும்.

அமர்வுக்கு முன்பே மசோதா கொடுக்கும் முன்தாக்கல் 2026 நவம்பர் 9 அன்றே தொடங்கிவிடும். பொதுவான மசோதாக்களுக்குத் தாக்கல் கெடு அமர்வின் 60ஆம் நாள், 2027 மார்ச் 12. அதற்குப் பின் ஏப்ரல் முழுக்கக் கமிட்டி ஹியரிங், அதாவது மசோதா மீது கமிட்டி பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள். கீழவையில் (ஹவுஸ்) கீழவை மசோதாக்களை இரண்டாம் வாசிப்புக்கு, அதாவது அவை விவாதத்துக்கு, எடுக்கக் கடைசி நாள் 122ஆம் நாள், மே 13. மேலவையிலிருந்து (செனட்) வந்தவற்றுக்கு 134ஆம் நாள், மே 25. மே 31 அன்று அமர்வு முடிகிறது. பல கிளப்களில் 'அவசரம், எல்லோரும் போன் போடுங்கள்' என்ற மின்னஞ்சல் மே மாதம்தான் கிளம்புகிறது. அதற்குள் பெரும்பாலான மசோதாக்களின் தலையெழுத்து எழுதியாகிவிட்டது. உங்கள் கிளப்பின் உழைப்பில் பெரும்பகுதி பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் விழ வேண்டும்.

கமிட்டியில் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் என்ற அரசுத் தளத்தில் இலவசக் கணக்கு திறப்பது. மசோதா எண்களைப் பட்டியலில் போட்டு வைத்தால் ஒவ்வோர் அசைவுக்கும் மின்னஞ்சல் வரும். ஓர் ஆள் பத்துப் பன்னிரண்டு மசோதாவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். ஐம்பது எடுத்தவர் எதையும் படிப்பதில்லை.

படிக்கும்போது எந்த வடிவத்தைப் படிக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரே எண்ணில் தாக்கலான வடிவம், கமிட்டி அறிக்கை வடிவம், அவை நிறைவேற்றிய வடிவம், இறுதி வடிவம் என்று நான்கு இருக்கலாம். கமிட்டியில் 'சப்ஸ்டிட்யூட்' என்ற மாற்று வரைவு வந்தால் எண் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் வாசகம் தலைகீழாகியிருக்கும். 2023இல் வந்த எஸ்.பி. 147 (எஸ்.பி. என்றால் மேலவை மசோதா) நல்ல உதாரணம். சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா நாட்டவர் டெக்சஸில் நிலம் வாங்குவதைத் தடுக்கும் மசோதா. தாக்கலான வடிவத்தில் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குக்கூட விலக்கு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு வந்த மாற்று வரைவில் விலக்குகள் சேர்க்கப்பட்டன. மேலவையைத் தாண்டிய அது கீழவையில் செத்தது. இப்படிப்பட்ட மசோதாவில் பழைய வடிவத்தை வைத்து ஆதரவோ எதிர்ப்போ எழுதும் கிளப், எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மதிப்பிழக்கிறது. ஊழியர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனவே கிளப் அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் மசோதா எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வடிவம், எந்தத் தேதி என்று எழுத வைப்பதை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹியரிங். வழக்கமான அமர்வில் கீழவைக் கமிட்டி ஐந்து நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். மேலவைக்கு 24 மணி நேரம் போதும். டாலஸ் பக்கமிருந்து ஆஸ்டின் ஏறக்குறைய 200 மைல். மேலவை ஹியரிங்குக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் ஆஸ்டினுக்குப் பக்கத்துக் கிளப்களோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஆள் தேடினால் கிடைக்காது. கீழவை அறிவிப்பில் காலை எட்டு மணி என்று இருந்தாலும், அவை கூடும் நேரத்தில் கமிட்டி நிற்கும், அவை கலைந்த பின் மீண்டும் தொடங்கும். உங்கள் மசோதா இரவு பத்து மணிக்கு வந்தாலும் வியப்பில்லை. சாப்பாடு, மருந்து, போன் சார்ஜர் கையில் இருக்கட்டும். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அறை எண் 'இ'யில் தொடங்கினால் சட்டமன்றக் கட்டடமான கேபிட்டலுக்கு வடக்கே நிலத்தடியில் உள்ள எக்ஸ்டென்ஷன். 'ஜே.எச்.ஆர்.' என்றிருந்தால் அது ரேகன் கட்டடம், தனியாக இருக்கிறது.

சாட்சியாகப் பதிவு செய்யும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கீழவைக்கான பதிவைக் கேபிட்டல் வளாகத்தில் உள்ள கியோஸ்க்கிலோ, அங்குள்ள பொது வைஃபையில் இணைந்த உங்கள் போனிலோதான் செய்ய முடியும். வீட்டிலிருந்தோ வழியில் காரிலிருந்தோ முடியாது. ஆதரவு, எதிர்ப்பு, 'மசோதா குறித்து' என்று மூன்று நிலைகள் உண்டு. பேசப் போவதில்லை, நிலையை மட்டும் பதிவு செய்கிறேன் என்றும் குறிக்கலாம். அதுவும் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறும். கிளப்பின் சார்பில் என்று குறிப்பதற்கு முன் கிளப் அந்த மசோதாவில் நிலைப்பாடு எடுத்து வாக்களித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'என் சார்பில்' என்றே குறியுங்கள். கிளப் பெயரை அனுமதியில்லாமல் போட்டு வந்த தகராறுகள், எதிர்க்கட்சியோடு வந்த தகராறுகளைவிட அதிகக் கசப்பை உண்டாக்கும். பேசக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். முந்தையவர் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், மசோதாவின் எந்தப் பிரிவு, அதனால் யாருக்கு என்ன ஆகும், என்ன மாற்றம் வேண்டும் என்று மூன்றையும் சொல்ல அந்த நேரம் போதும்.

ஆஸ்டின் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத வழி. கீழவைக் கமிட்டி ஹியரிங்குக்கு அறிவித்த மசோதாக்களுக்கு இணையத்தில் பொதுக் கருத்து எழுதலாம். டெக்சஸில் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வாக்குரிமை இருக்க வேண்டும் என்றில்லை. எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் தோழியும் எழுதலாம். எல்லை 3,000 எழுத்துகள், இடைவெளிகளும் கணக்கில். அங்கே நேராகத் தட்டச்சு செய்யாமல் வேறு கோப்பில் எழுதி எண்ணிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். முதல் வாக்கியத்திலேயே மசோதா எண்ணும் உங்கள் நிலையும் வர வேண்டும். ஒரே வாசகத்தை இருபது பேர் ஒட்டினால் அது ஒரே கருத்தாகத்தான் படிக்கப்படும். எழுதியது பொது ஆவணமாகிவிடும் என்பதால் வீட்டு முகவரி, குழந்தையின் பெயர் போன்றவற்றை உள்ளே எழுதாதீர்கள். மேலவையில் இந்த வசதி இல்லை. அங்கே கமிட்டி உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஹியரிங் முடிந்ததும் 'லெஃப்ட் பெண்டிங்', அதாவது முடிவெடுக்காமல் நிலுவையில், என்று வரும். புதியவர்கள் இதைத் தோல்வி என்று நினைத்து ஓய்ந்துவிடுகிறார்கள். இது சாதாரண நடைமுறை. அன்றே வாக்கெடுப்பு நடப்பது அரிது. இந்த இடைவெளியில்தான் மாற்று வரைவு எழுதப்படுகிறது, இந்த வாரத்தில் போகும் போன்தான் காதில் விழும். கமிட்டியைத் தாண்டிய பின் கீழவையில் கேலண்டர்ஸ் கமிட்டி அதற்கு விவாத நாள் குறிக்க வேண்டும். குறிக்காமலே விட்டால் யாரும் எதிர்த்து வாக்களிக்காமல் மசோதா செத்துவிடும். ஏப்ரல் பிற்பாதியில் அந்தக் கமிட்டி உறுப்பினர் யாருடைய தொகுதியிலாவது உங்கள் கிளப் உறுப்பினர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய ஒரு போன் மற்றவர்களின் பத்துக்குச் சமம்.

போன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறோம். எடுக்கும் ஊழியர் முதலில் கேட்பது ஊரும் அஞ்சல் குறியீடும்தான். தொகுதிக்கு வெளியே இருந்தால் பெரும்பாலும் கணக்கில் சேராது. ஒரு கீழவைத் தொகுதியில் சுமார் 1,94,000 பேர். ஒரே கிளப்பின் உறுப்பினர்கள் மூன்று நான்கு தொகுதிகளில் சிதறியிருப்பது சகஜம். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கீழவை, மேலவைத் தொகுதி எண்களைப் போட்டுக் கொடுத்தால், அதுவே சட்டக் கமிட்டிக்கு நீங்கள் தரும் முதல் சொத்து. பேச்சு நாற்பது வினாடியில் முடியட்டும்: பெயர், ஊர், 'இந்த எண் மசோதாவை ஆதரிக்கிறேன்', காரணம் ஒரு வாக்கியம், 'மேடம் எப்படி வாக்களிக்கப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?' என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு வந்த பதிலை அப்படியே எழுதி வையுங்கள்.

வாக்குப் பதிவுகளைப் படிக்கப் பழகுங்கள். கிளப்கள் நீண்ட காலம் வலியுறுத்திய பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம்) 2023 நவம்பர் 17 அன்று சிறப்பு அமர்வில் கீழவையில் வீழ்ந்தது ஒரு மசோதாவின் மேல் நடந்த இறுதி வாக்கில் அல்ல. குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் ரேனி கொண்டுவந்த ஒரு திருத்தம் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்தது. வாக்கு 84க்கு 63. திருத்தத்தை ஆதரித்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சியினர். 2024 பிரைமரிகளில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்களில், அவர்களில் பலர் இதற்கான விலையைக் கொடுத்தார்கள். 2025 மே மாதம் ஆளுநர் கையெழுத்திட்ட, அந்த உரிமையைத் தந்த எஸ்.பி. 2க்கு வழி திறந்தது அந்தப் பிரைமரிகள்தான். திருத்த வாக்கைப் பார்க்காமல் இறுதி வாக்கை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் கிளப் இந்த வரலாற்றையே தவறவிடும். அமர்வு முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. கடைசி நாட்களில் வரும் மசோதாக்களில் முடிவெடுக்க ஆளுநருக்கு 20 நாள் உண்டு. 2025 ஜூன் 22 அன்று, கெடுவின் கடைசி நேரத்தில், டி.எச்.சி. (கஞ்சாவில் உள்ள போதைப்பொருள்) தடை மசோதாவான எஸ்.பி. 3ஐ அவர் வீட்டோ செய்தார்.

சொத்து வரி நம் வீடுகள் எல்லாவற்றையும் தொடும் விஷயம், கிளப்களின் நிரந்தர அக்கறையும்கூட. இங்கே துல்லியம் வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு 2023இல் 1,00,000 டாலராகவும், 2025 நவம்பர் 4 வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. அது பள்ளி மாவட்ட வரிக்கு மட்டும். நகர, கவுண்ட்டி வரிகளுக்கு அவரவர் தனி விகிதம். கூட்டத்தில் 'வீட்டு மதிப்பில் 1,40,000 கழிந்துவிடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைக் கேட்டால் அங்கேயே திருத்துங்கள். இப்படிப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: கீழவையில் 100, மேலவையில் 21. குடியரசுக் கட்சிக்குக் கீழவையில் தனியாக அந்த எண்ணிக்கை இல்லை. எனவே இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி உறுப்பினரின் அலுவலகத்துக்கும் மரியாதையோடு போக வேண்டியிருக்கும். வெட்கப்பட எதுவும் இல்லை.

இனிப் பணம். இதில் தவறினால் அனுதாபம் கிடைக்காது. டெக்சஸில் பல மகளிர் கிளப்கள் அரசியல் நிதிக் குழுவாக, தேர்தல் பணத்தைக் கண்காணிக்கும் மாநில எதிக்ஸ் கமிஷனில் பதிவானவை. அப்படிப்பட்ட கிளப்புக்குக் கார்ப்பரேஷன் கொடுக்கும் பணம் குற்றம், அதுவும் கடுமையான குற்றம். சொந்தமாக கன்சல்டிங் கம்பெனியோ பல் கிளினிக்கோ நடத்தும் தோழிகள் உறுப்பினர் சந்தாவையோ விருந்து மேஜைக்கான பணத்தையோ கம்பெனி செக்கிலோ கார்டிலோ கட்டிவிடுகிறார்கள். சிறிய தொகைதானே என்று தோன்றும். பொருளாளர் அதைத் திருப்பியே ஆக வேண்டும். சொந்தக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்காரர்கள் எந்தத் தேர்தலுக்கும், எந்த அளவிலும், பணம் கொடுக்கக் கூடாது. நிதிக் குழுவாகப் பதிவான கிளப்பின் சந்தாவும் இதில் வரும். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். விசாக்காரர் விருந்தினராக வரலாம், சம்பளமில்லாமல் உதவலாம். எந்த வேட்பாளருக்குச் செலவு செய்வது என்ற முடிவில் பங்கெடுக்கக் கூடாது. தோழியைக் கூட்டிவரும் ஆர்வத்தில் அவருக்காக நீங்கள் சந்தா கட்டாதீர்கள். பிறர் பெயரில் பணம் கொடுப்பது தனிக் குற்றம். தமிழ்ச் சங்கம், கோயில் ஆகியவை வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள். அவற்றின் வாட்ஸ்அப் குழுவிலோ மின்னஞ்சல் பட்டியலிலோ வேட்பாளர் விளம்பரம் போட்டால் ஆபத்து சங்கத்துக்கு. சங்க மேடை வேறு, கிளப் மேடை வேறு.

வாக்காளர் பதிவில் நம் பெண்கள் பெரிய உதவியாக இருக்க முடியும், குடியுரிமை பெற்றிருந்தால். கவுண்ட்டியில் வாலண்டியர் டெப்யூட்டி ரெஜிஸ்ட்ராராக (வாக்காளர் பதிவுப் படிவங்களை வாங்கிச் சேர்க்கும் தன்னார்வலர்) நியமனம் வாங்க வேண்டும். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்ட்டன் இரண்டு கவுண்ட்டிகளிலும் பரவியிருக்கிறது. காலின் நியமனம் மட்டும் உள்ளவர் டென்ட்டன்காரரின் படிவத்தை வாங்கக் கூடாது. இரண்டு கவுண்ட்டியிலும் நியமனம் வாங்கிவிடுங்கள். வாங்கிய படிவம் ஐந்து நாளுக்குள் கவுண்ட்டி அலுவலகம் சேர வேண்டும், பதிவுக் கெடு நெருங்கிவிட்டால் அதைவிட வேகமாக. கையில் வைத்துக்கொண்டு மறந்தால் தண்டனை உண்டு. எந்தக் கட்சி என்று கேட்காமல் வருகிறவர் எல்லோரையும் பதிவு செய்வதுதான் அந்தப் பதவியின் தர்மம். 'நான் குடியுரிமை பெற்றிருக்கிறேனா?' என்ற பெட்டியில் ஒருவர் தயங்கினால் படிவத்தை அங்கேயே நிறுத்துங்கள். குடியுரிமை இல்லாமல் பதிவானால் பின்னாளில் அந்தக் குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பமே கவிழலாம்.

நம் பெயர்கள் தனிப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயராகவும், குடியுரிமைச் சான்றிதழில் முதலெழுத்தோடும் இருக்கும். வாக்குச்சாவடியில் ஓரளவு ஒத்திருந்தால் ஏற்பார்கள் என்றாலும், வாக்காளர் பட்டியலை ஓட்டுநர் உரிமத்தோடு ஒத்துப்போகும்படி முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

65 வயது தாண்டிய பெற்றோர் தபாலில் வாக்களிக்கலாம். விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்பே அலுவலகம் சேர வேண்டும். 2021இன் எஸ்.பி. 1 வந்தபின் விண்ணப்பத்திலும் உறையிலும் ஓட்டுநர் உரிம எண்ணோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு எண்ணோ எழுத வேண்டும். அது பதிவில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அது நடைமுறைக்கு வந்த முதல் தேர்தலான 2022 மார்ச் பிரைமரியில் 24,000க்கு மேற்பட்ட தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அந்தச் சட்டத்தை ஆதரித்த கிளப்களுக்கு அதைச் சரியாகக் கற்பிக்கும் கடமையும் இருக்கிறது. பதிவு செய்தபோது எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று பெரியவர்களுக்கு நினைவிருக்காது. இரண்டு எண்ணையும் இரண்டு இடத்திலும் எழுதினால் சிக்கல் தீர்ந்தது. உறையின் மடிப்புக்குக் கீழே இருக்கும் கட்டத்தை ஒட்டுவதற்கு முன் நிரப்ப வேண்டும். ஒட்டிய பின் அது கண்ணுக்குத் தெரியாது. தவறு நேர்ந்தால் தேர்தலுக்குப் பின் ஆறாம் நாள்வரை திருத்த வாய்ப்புண்டு. நீண்ட காலம் கிரீன் கார்டில் இருந்து, ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்றுக் குடியுரிமை வாங்கிய அம்மாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வாக்குச்சாவடியில் மகளோ மருமகளோ உதவலாம். உதவுபவர் உறுதிமொழி எடுத்துப் படிவம் நிரப்ப வேண்டும். வாக்குச்சீட்டைப் படித்துக் காட்டலாம், அவர்கள் சொல்கிறபடி குறிக்கலாம், ஆலோசனை கூடாது.

ஒரு விதியை மறந்துவிடாதீர்கள். போட்டியுள்ள பிரைமரியில் கிளப் பெயரில் யாரையும் ஆதரிக்கக் கூடாது. தலைவர் பொறுப்பில் இருந்தால் உங்கள் சொந்தப் பெயரிலும் அடக்கி வாசிக்க வேண்டும். தமிழர் ஒருவர் நிற்கிறார் என்றாலும் இதே விதிதான்.

செப்டம்பர் கூட்டத்திலேயே உங்கள் கிளப் தலைவரிடம் கேளுங்கள்: சட்டக் கமிட்டியில் யார் யார், கடந்த அமர்வில் எந்தெந்த மசோதாக்களில் கிளப் நிலைப்பாடு எடுத்தது, அந்த வாக்கெடுப்பு கூட்டக் குறிப்பில் இருக்கிறதா, உறுப்பினர் பட்டியலில் தொகுதி எண் இருக்கிறதா என்று. பட்டியல் இல்லையென்றால் அதை நீங்களே செய்து தருவதாகச் சொல்லுங்கள். நவம்பர் 9 காலை தளத்தில் முதல் எண்கள் ஏறும்போது அது தயாராக இருக்கட்டும். டெப்யூட்டி ரெஜிஸ்ட்ரார் நியமனம் வைத்திருப்பவர்கள், அது 2026 டிசம்பர் 31 அன்று காலாவதியாகிறது என்பதால், ஜனவரி முதல் வாரத்தில் கவுண்ட்டி அலுவலகத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டெக்சஸ் மகளிர் கிளப்களின் சட்டக் கமிட்டிகளில் பணிபுரியும் தமிழ் உறுப்பினர்கள் சிலர்